கஞ்சா சார்ந்த மருந்தும் குழந்தை வளரும் வீடும்

நாள்பட்ட நோயுடன் வாழும் இளம் பெற்றோர் சிலர், அண்மைக் காலமாக எங்கள் வலி சிகிச்சைப் பிரிவில் ஒரு கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கின்றனர். பெரும்பாலும் மருந்துச் சீட்டை எழுதி முடித்து, அவர்கள் எழுந்து செல்லும் தறுவாயில்தான் அது வருகிறது. வெளிநாட்டில் வாழும் அக்காவுக்கோ நண்பருக்கோ இதே நோய்க்குக் கஞ்சா எண்ணெயை மருத்துவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். தமக்கும் அது ஒத்துவருமா என்பது கேள்வி. அடுத்த நொடியே குரல் தாழ்கிறது: "ஆனால், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, டாக்டர்."

கேள்வியின் கனம் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று நாங்கள் கருதுகிறோம். மருந்து வலியைக் குறைக்குமா என்பதற்கு ஆய்வுகள் ஓரளவு விடை தருகின்றன. நான்கு வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி, இரவில் காய்ச்சல் வந்தால் விழித்திருக்க வேண்டிய ஒருவர் அம்மருந்தை எடுத்துக்கொள்ளலாமா என்பதற்கு ஆய்வுக் கட்டுரைகளில் மட்டும் விடை தேடினால் போதாது.

இக்கேள்வியைக் கேட்பவர்கள் எவர்? தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால் தசைகள் கட்டைபோல் இறுகிப்போனவர்கள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்புறை நோய் உள்ளவர்கள், புற்றுநோய் மருந்துகளுக்குப் பின் பாதங்களில் எரிச்சல் நீங்காதவர்கள், நீரிழிவால் நரம்பு சிதைந்தவர்கள், காரணம் எளிதில் பிடிபடாத உடல் முழுவதுமான வலியால் ஆண்டுக்கணக்கில் உறக்கம் இழந்தவர்கள். இவர்களுள் பலரும் வலி தீரவேண்டும் என்று கூடக் கேட்பதில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், மாலையில் வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கும் அளவுக்குத் தெளிவு வேண்டும் என்கின்றனர். இத்தகையோர் புதிய வழி ஒன்றைப் பற்றிக் கேட்பதை ஒழுக்கக்கேடாகப் பார்ப்பது முறையன்று. கஞ்சா என்ற சொல் நம் செய்தித்தாள்களில் காவல்துறைச் செய்தியாகவும், திரைப்படங்களில் கேலியாகவும் மட்டுமே வருவதால், மருத்துவரிடம் கேட்பதற்கே அஞ்சி இணையத்தில் தாமாக வாங்கிவிடுகின்றனர் சிலர். கேட்பதில் பிழையில்லை, கேட்காமல் வாங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது.

செடி ஒன்று, அதிலுள்ள பொருள்கள் பல

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டு வேதிப்பொருள்கள் உள்ளன. மருத்துவத்துக்கு இன்று முக்கியமானவை இரண்டு. ஒன்று டி.எச்.சி.; போதையைத் தருவது இதுவே. வலி, தசை இறுக்கம், குமட்டல் ஆகியவற்றைக் குறைக்கும் ஆற்றலும் பெரும்பாலும் இதற்கே உண்டு. மற்றொன்று சி.பி.டி.; இது போதை தருவதில்லை. சில அரிய வகைக் குழந்தை வலிப்பு நோய்களில் இதன் பயன் நன்கு நிறுவப்பட்டுள்ளது.

நம் உடலே இவற்றை ஒத்த பொருள்களைச் சுரக்கிறது என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. 1964ஆம் ஆண்டு இசுரேலில் ரபேல் மெக்கூலம், யெஹியேல் கவோனி ஆகியோர் டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டனர். 1992ஆம் ஆண்டு மெக்கூலமின் குழுவினர் மூளையில் இயற்கையாகவே உள்ள அத்தகைய பொருள் ஒன்றைக் கண்டறிந்து, ஆனந்தம் என்ற வடசொல்லிலிருந்து அதற்கு ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர். வலிச் செய்தி, பசி, உறக்கம், நினைவு, அச்சம் ஆகியவற்றைச் சீர்செய்யும் ஒரு வலைப்பின்னல் நம் நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. கஞ்சா அந்த வலைப்பின்னலைத்தான் வெளியிலிருந்து தட்டுகிறது. வலி குறைவதும் நினைவு மங்குவதும் ஒரே மருந்தால் நிகழ்வதற்கு இதுவே காரணம். இதில் நன்மையை மட்டும் தனியே பிரித்தெடுத்துத் தருவதாக எவரேனும் விளம்பரம் செய்தால் ஐயத்துடன் நோக்குங்கள்.

இம்மருந்தை மேனாட்டார் இன்று புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1839இல் கல்கத்தாவில் பணியாற்றிய ஓஷாநெசி என்ற மருத்துவர், இந்திய மருத்துவ மரபிலிருந்து கற்று, வாதநோய், இழுப்புநோய், பச்சிளங்குழந்தையின் வலிப்பு ஆகியவற்றில் கஞ்சாச் சாற்றைப் பயன்படுத்திப் பார்த்து எழுதினார். ஐரோப்பிய மருத்துவம் இச்செடியைக் கவனிக்கத் தொடங்கியது அதன் பிறகே. ஆயினும், பழைமை ஒரு மருந்தின் பாதுகாப்புக்குச் சான்றாகாது. எட்டியும் ஊமத்தையும் கூட நம் மருத்துவ மரபில் உள்ளவைதாம்.

எந்த நோய்க்கு எவ்வளவு பயன்

நேர்மையாகச் சொன்னால், இணையத்தில் பேசப்படும் அளவுக்கு இல்லை. முற்றிலும் பயனற்றது என்றும் சொல்வதற்கில்லை.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் தோன்றும் தசை இறுக்கத்துக்கு நாபிக்சிமால்ஸ் என்ற ஸ்ப்ரே மருந்து 2010 முதல் பிரிட்டனில் உரிமம் பெற்றுள்ளது. வாயினுள் ஒருமுறை அடித்தால் 2.7 மில்லிகிராம் டி.எச்.சி.யும் 2.5 மில்லிகிராம் சி.பி.டி.யும் செல்லும். மற்ற மருந்துகள் பயனளிக்காதபோது நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, இறுக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தால் மட்டுமே தொடருமாறு அந்நாட்டின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. புற்றுநோய் சிகிச்சையில் எளிதில் அடங்காத வாந்திக்கு டி.எச்.சி.யை ஒத்த செயற்கை மாத்திரைகள் 1985 முதல் அமெரிக்காவில் உள்ளன. டிராவே, லெனாக்ஸ் காஸ்டோ எனப்படும் கடுமையான குழந்தை வலிப்பு நோய்களுக்குத் தூய சி.பி.டி. திரவம் 2018இல் அங்கு ஒப்புதல் பெற்றது.

நாள்பட்ட வலியில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. வல்லுநர்களே கருத்து வேறுபடுகின்றனர். பிரிட்டனின் தேசிய நெறிமுறை நிறுவனம் 2019இல் நாள்பட்ட வலிக்கு டி.எச்.சி. மருந்துகளைத் தரவேண்டாம் என்றது. உலகளாவிய வலி ஆய்வுக் கழகம் 2021இல் பொதுவான பயன்பாட்டை ஆதரிக்க இயலாது என அறிவித்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான வழிகாட்டுதலோ, வழக்கமான சிகிச்சை போதாதவர்களுக்குப் புகைக்காத வடிவில் கொடுத்துப் பார்க்கலாம் என்று வலுக்குறைந்த பரிந்துரை ஒன்றைச் செய்தது. அதற்கு அடிப்படையான ஆய்வுத் தொகுப்பின்படி, பொய்மருந்து எடுத்தவர்களோடு ஒப்பிட, நூறு பேரில் ஏறத்தாழ பத்துப் பேர் கூடுதலாகத் தாம் உணரத்தக்க வலிக்குறைவைப் பெற்றனர். அந்தப் பத்துப் பேருள் ஒருவருக்கு அது வாழ்வை மாற்றும் செய்தியாக இருக்கலாம். எஞ்சியவர்களுக்குத் தலைசுற்றல், உறக்கக் கலக்கம், கவனச் சிதறல் மட்டுமே மிஞ்சவும் கூடும்.

எங்கள் கருத்து இது: அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெட்டின், பிரிகாபலின், தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென், டைசனிடின், தேவையான இடத்தில் போட்யூலினம் ஊசி, இவற்றோடு இயன்முறைப் பயிற்சியும் உறக்கச் சீரமைப்பும் உரிய அளவில், உரிய காலம் வரை முயலப்படாத ஒருவருக்குக் கஞ்சாவைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை. "எல்லா மருந்தும் எடுத்துப் பார்த்துவிட்டேன்" என்று வருபவர்களின் பழைய சீட்டுகளைப் புரட்டினால், குறைந்த அளவில் பத்து நாள் எடுத்து நிறுத்திய மருந்துகளே அவற்றில் மிகுதியாக இருக்கின்றன.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் செடியின் பகுதிகளைப் பிரித்துப் பார்க்கிறது. பூக்களும் காய்களும் உள்ள நுனிப் பகுதி கஞ்சா. அதிலிருந்து பிரித்த பிசின் சரஸ். அடர்த்தியாக்கிய எண்ணெய் வடிவமும் சரஸ் என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அவ்வரையறைக்கு வெளியே உள்ளன. இலையை மாநில அரசுகள் தம் சட்டங்களால் நெறிப்படுத்துகின்றன.

இதனை நோயாளிகள் கவனமாக உள்வாங்க வேண்டும். "எண்ணெய்தானே, புகைக்கவா போகிறேன்" என்ற எண்ணம் சட்டத்தின் முன் நிற்காது. ஒரு கிலோ வரையிலான கஞ்சாவும் 100 கிராம் வரையிலான சரஸும் சிறு அளவு எனப்பட்டாலும், அதற்கும் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வெளிநாட்டு மருத்துவரின் சீட்டு கையில் இருப்பதால் மட்டும் அது இங்கே சட்டப்படியான மருந்தாகிவிடாது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மகள் தன் மருந்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது, பேரப்பிள்ளைகளின் கண்ணெதிரே விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்படும் நிலைக்குக் கொண்டுபோய் விடலாம். வழியில் சிங்கப்பூரில் விமானம் மாறுவதாக இருந்தால் இடர் இன்னும் பெரிது. அத்தகைய உறவினர் உங்களுக்கு இருந்தால், பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே அங்குள்ள தம் மருத்துவரிடம் மாற்று மருந்து பற்றிப் பேசச் சொல்லுங்கள். திடீரென நிறுத்தினால் சில நாள் உறக்கமின்மையும் எரிச்சலும் வரக்கூடும் என்பதால் படிப்படியாகக் குறைப்பதற்கும் அந்தக் கால இடைவெளி வேண்டும்.

இதற்கிடையே ஒரு செய்தி. இதே சட்டம்தான் மார்ஃபின் மருந்தையும் நெடுங்காலம் நோயாளிகளுக்கு எட்டாமல் வைத்திருந்தது. 2014இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், இன்றியமையாப் போதை மருந்துகள் என்ற பட்டியலின்கீழ், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதனை முறையாக வழங்க வழி பிறந்தது. கடும் வலியில் இருக்கும் ஒருவர் அங்கீகாரத்துடன் கிடைக்கும் மருந்தைப் பெயர் கேட்டு அஞ்சி ஒதுக்கிவிட்டு, தரம் தெரியாத எண்ணெயை இணையத்தில் வாங்குவதைக் காணும்போது எங்களுக்கு வருத்தமே மேலிடுகிறது.

விஜயா என்ற பெயரில் கிடைப்பவை

ஆயுர்வேதத்தில் கஞ்சா இலைக்கு விஜயா என்று பெயர். இலைச்சாற்றைக் கொண்டு உரிமம் பெற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் எண்ணெய், மாத்திரை முதலியன, பதிவுபெற்ற ஆயுர்வேத மருத்துவரின் பரிந்துரையின் பேரில் கிடைக்கின்றன. நம் நாட்டில் "மருத்துவர் எழுதிக் கொடுத்த கஞ்சா மருந்து" என்று ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். நாபிக்சிமால்ஸ் போன்றவை நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்கக்கூடியவை அல்ல.

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் இ-1 அட்டவணை, ஆயுர்வேத, சித்த மருத்துவத்தில் பயன்படும் நச்சுத்தன்மை உடைய பொருள்களைப் பட்டியலிடுகிறது. கஞ்சாச் செடி அதில் இடம்பெற்றுள்ளது. ஆகவே, மருத்துவ மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை புட்டியின் மீது இருக்க வேண்டும். இல்லையேல் வாங்காதீர்கள். எச்சரிக்கை இருந்தாலும், ஒரு சொட்டில் எத்தனை மில்லிகிராம் டி.எச்.சி., எத்தனை மில்லிகிராம் சி.பி.டி. என்று கேளுங்கள். "முழுச்செடிச் சாறு, இயற்கையானது" என்பது அக்கேள்விக்கு விடையன்று. ஆய்வகச் சான்று காட்ட இயலாத பொருளை, குழந்தை உள்ள வீட்டுக்குள் கொண்டுசெல்ல வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. ஐந்து நிமிடக் காணொளி அழைப்பில், பழைய மருந்துகளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் எழுதப்படும் சீட்டையும் நாங்கள் முறையான பரிந்துரையாகக் கருதுவதில்லை.

உணவாக விற்கப்படும் கஞ்சா விதையும் விதை எண்ணெயும் வேறு. 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவற்றை வரம்புகளுடன் அனுமதித்தது. அவற்றில் டி.எச்.சி. மிக நுண்ணிய அளவே இருக்கலாம். வலி மருந்தாக அவை பயன்படா.

எந்த முறை மருத்துவர் கொடுத்திருந்தாலும், அதனை எங்களிடம் மறைக்க வேண்டாம். சி.பி.டி. கல்லீரலில் பல மருந்துகளின் போக்கை மாற்றுகிறது. வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தக் கசிவும், குளோபசாம் எடுப்பவருக்கு அளவுக்கு மீறிய மயக்கமும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றுத் தாக்ரோலிமஸ் எடுப்பவருக்கு அம்மருந்தின் அளவு இரத்தத்தில் தாறுமாறாக உயர்வதும் நிகழலாம். மனச்சிதைவு நோய் தமக்கோ உடன்பிறந்தோருக்கோ பெற்றோருக்கோ இருந்தால் டி.எச்.சி. உள்ள எதனையும் தொடவே கூடாது. சீராக இல்லாத இதய நோய் உள்ளவர்களுக்கும் அவ்வாறே.

பிள்ளை உள்ள வீட்டில்

இனி, தாழ்ந்த குரலில் சொல்லப்பட்ட அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம்.

கருவுற்றிருப்பவரும், கருத்தரிக்க விரும்புபவரும், பாலூட்டும் தாயும் இம்மருந்தை எடுக்கக் கூடாது. இதில் எங்களுக்குள் இரண்டாவது கருத்து இல்லை. டி.எச்.சி. நஞ்சுக்கொடியைக் கடக்கிறது, கருவுற்ற காலத்தில் எடுப்பதற்கும் குழந்தை எடை குறைந்து பிறப்பதற்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. அது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் தாய்ப்பாலில் தங்குகிறது. கடைசியாக எடுத்து ஆறு நாள் வரையிலும் பாலில் அளவிடப்பட்டுள்ளது. ஆகவே, ஒருவேளைப் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

பால்குடி மறந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. வாயால் உட்கொண்ட டி.எச்.சி. செயல்படத் தொடங்க ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். தாக்கம் ஆறு முதல் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும். இரவு எட்டு மணிக்கு எடுத்தால் பத்து மணிக்கு உச்சம். விடியும் வரை எச்சம். அந்நேரத்தில் பிள்ளைக்கு மூச்சிரைப்பு வந்தால் யார் எழுவார்? நெபுலைசரில் மருந்தைச் சரியாக ஊற்றுவது யார்? தெளிந்த மனத்துடன் இன்னொரு பெரியவர் அவ்வீட்டில் உறங்குகிறாரா என்பதை நாங்கள் முதலில் கேட்கிறோம். பாட்டியோ, கணவரோ, மனைவியோ இருந்து, அவருக்கும் விவரம் தெரிந்திருந்தால் பேச்சைத் தொடரலாம். கணவர் வெளிநாட்டில் இருக்க, இரு பிள்ளைகளுடன் தனித்து வாழும் தாய்க்கு, வலியின் கொடுமை எங்களுக்குத் தெரிந்திருந்தும், டி.எச்.சி. மருந்தை நாங்கள் ஆதரிப்பதில்லை. கடுமையான முடிவாகத் தோன்றலாம். ஆனால் இதே அளவுகோலை உறக்க மாத்திரைக்கும், புதிதாகத் தொடங்கும் பிரிகாபலினுக்கும் நாங்கள் கையாளுகிறோம். கஞ்சா என்பதற்காகத் தனி நீதி எதுவும் இல்லை.

மறுபுறமும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அடங்காத வலியோடு வாழும் பெற்றோரும் விழிப்பான பெற்றோர் அல்லர். மூன்று இரவுகள் உறங்காத தாய் சிறு சத்தத்துக்கும் எரிந்து விழுகிறார். பிள்ளை மெல்ல மெல்ல அவரை நெருங்க அஞ்சுகிறது. சிகிச்சையின் தீமையை எடைபோடும்போது, சிகிச்சை இன்மையின் தீமையையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். "பிள்ளைக்காக நான் பொறுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி எல்லா மருந்தையும் மறுக்கும் தாய்மார்களை நாங்கள் அடிக்கடிச் சந்திக்கிறோம். அவர்களது பொறுமை பிள்ளைக்கு உதவுகிறதா என்பதை வீட்டிலுள்ள மற்றவர்களிடமும் கேட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

வண்டி ஓட்டுவது அடுத்தது. காலையில் பிள்ளையை ஸ்கூட்டரின் முன்புறம் நிற்க வைத்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தந்தை, முன்னிரவில் எடுத்த மருந்தின் மந்தம் நீங்காமலேயே கிளம்பக்கூடும். தமக்கு மந்தம் இல்லை என்று அவரே நம்புவார், அதுதான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு மதுவை மட்டுமன்றி, வண்டியைக் கட்டுப்படுத்த இயலாதபடி செய்யும் போதைப்பொருளையும் உள்ளடக்கியது. மருந்தைத் தொடங்கும் நாள்களிலும் அளவை மாற்றும் நாள்களிலும் வண்டியைத் தொடவே வேண்டாம். பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வழி இல்லையென்றால், மருந்தைத் தொடங்குவதற்கான காலம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

புகைப்பது எந்நிலையிலும் மருந்தன்று. புகையில் அளவு தெரியாது, நுரையீரல் கெடும், அறையிலுள்ள பிள்ளையின் மூச்சிலும் அது கலக்கும்.

பிள்ளை தெரியாமல் உட்கொண்டுவிட்டால்

எங்களை மிகவும் அச்சுறுத்துவது இதுவே. அமெரிக்காவில் கஞ்சா கலந்த தின்பண்டங்களை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உட்கொண்டதாக நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2017இல் 207, 2021இல் 3,054. பெரும்பாலானவை பிள்ளையின் சொந்த வீட்டிலேயே நிகழ்ந்தவை. நம் மாநிலத்திலும் கஞ்சா சாக்லேட் பிடிபட்ட செய்திகளை நாளிதழ்களில் காண்கிறோம். சாக்லேட், ஜெல்லி மிட்டாய், பிஸ்கட் ஆகிய வடிவங்களில் வருபவற்றை, எந்நாட்டில் எவ்வளவு சட்டப்படி வாங்கியதாக இருப்பினும், குழந்தை உள்ள வீட்டில் வைக்கவே கூடாது. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கான ஒரு துண்டு, 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு எடைக் கணக்கில் நான்கு மடங்கு. மேலும், பிள்ளை ஒரு துண்டோடு நிறுத்துவதில்லை.

மருந்துப் புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலோ, சாமி அலமாரியிலோ, கைப்பையிலோ வைக்காதீர்கள். பூட்டும் சாவியும் உள்ள சிறு பெட்டியில் இட்டு, அதனைப் பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். சாவி பிள்ளைக்குத் தெரிந்த ஆணியில் தொங்க வேண்டாம். எண்ணெயை வேறு புட்டிக்கு, குறிப்பாக வைட்டமின் சொட்டு மருந்துப் புட்டிக்கு, மாற்றாதீர்கள். பிள்ளையின் முன் மருந்தை உட்கொள்வதையும் தவிருங்கள்; பார்த்ததைச் செய்து பார்ப்பது அவ்வயதின் இயல்பு. மார்ஃபினுக்கும் பிரிகாபலினுக்கும் பாட்டியின் சர்க்கரை மாத்திரைக்கும் இதே பூட்டு பொருந்தும். சொல்லப்போனால், ஒரே ஒரு சர்க்கரை மாத்திரை சிறு பிள்ளையின் உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

உட்கொண்ட பிள்ளை அளவுக்கு மீறி உறங்கும், எழுப்பினால் தள்ளாடும், கண் சிவக்கும், வாந்தி எடுக்கும், உடல் துணிபோல் துவளும். சில பிள்ளைகளுக்கு வலிப்பும் மூச்சுத் தளர்ச்சியும் வரும். உப்புத்தண்ணீரோ புளித்தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கும் பிள்ளையின் நுரையீரலுக்குள் அது போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108ஐ அழைத்து, புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள்.

வந்தவுடன் உண்மையைச் சொல்லுங்கள். இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திடீரென மயங்கிய குழந்தையைக் கண்டால் மருத்துவர் மூளைக்காய்ச்சலையும் தலையடியையும் எண்ணுவார், ஸ்கேன் எடுப்பார், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுப்பார். உண்மை தெரிந்தால் இவற்றுள் பல தேவைப்படா. முறிமருந்து என ஒன்று இல்லாவிட்டாலும், மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணித்துத் துணை செய்தால் பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு நாளில் தேறிவிடுகின்றனர். மாமியாருக்குத் தெரிந்துவிடும், வழக்காகிவிடும் என்ற அச்சத்தில் இழக்கும் ஒரு மணி நேரத்தின் விலையைப் பிள்ளைதான் கொடுக்க நேரிடும்.

பிள்ளையிடம் என்ன சொல்வது

பெரியவர்கள் மறைப்பதைப் பிள்ளைகள் எப்படியோ அறிந்துகொள்கின்றனர். நான்கு வயதுப் பிள்ளைக்கு, "இது அம்மாவின் கால்வலி மருந்து, அம்மா மட்டும்தான் தொட வேண்டும்" என்பது போதும். பத்து வயதுப் பிள்ளை புட்டியிலுள்ள எழுத்துகளைப் படித்துவிடும். அதனிடம், இது மருத்துவர் எழுதிக் கொடுத்தது, அளவு குறித்தது, வேறு எவருக்கும் தரக்கூடாதது என்று நேராகச் சொல்வதே நன்று. பதின்வயதுப் பிள்ளையோடு பேச்சு இன்னும் விரிவாக வேண்டும். வளரும் மூளைக்கு டி.எச்.சி. செய்யும் தீங்கு பெரியவருக்குச் செய்வதைவிட மிகுதி. "நீங்கள் மட்டும் எடுக்கிறீர்களே" என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தே அமருங்கள். தேவைப்பட்டால் பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். எங்கள் உளவியல் ஆலோசகர் இருவரோடும் பேசுவார்.

அக்கம்பக்கத்தாருக்கும் சுற்றத்தாருக்கும் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் பிள்ளையை நாள்தோறும் பார்த்துக்கொள்பவர், அவர் சம்பளத்துக்கு வரும் ஆயாவாக இருந்தாலும், மருந்து இருக்கும் இடத்தையும் ஆபத்து அறிகுறிகளையும் தெரிந்திருக்க வேண்டும். சட்டப்படி பெற்ற மருந்தானால், சீட்டையும் வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். குடும்பப் பிணக்குகளில் இத்தகைய செய்திகள் எப்படி எப்படியோ திரிக்கப்படுகின்றன.

மருந்தைத் தொடங்கலாம் என்ற முடிவுக்கு வந்தால், மிகக் குறைந்த அளவில், இரவில், பிள்ளையின் தேர்வோ காய்ச்சலோ இல்லாத ஒரு வார இறுதியில் தொடங்குமாறு சொல்கிறோம். முதல்முறை பயன் தெரியவில்லை என்று அன்றிரவே மறுமுறை எடுக்கக் கூடாது; தாமதமாகத்தான் அது வேலை செய்யும். நான்கு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். வலி எவ்வளவு என்பதோடு, பிள்ளையுடன் எவ்வளவு நேரம் விளையாட முடிந்தது, எத்தனை நாள் வீட்டுப்பாடம் பார்த்தீர்கள், எத்தனை முறை மறதியால் ஏதேனும் தவறியது என்பதையும் எழுதுங்கள். வலியின் எண் குறைந்து, மற்றவை மோசமானால் மருந்தை நிறுத்திவிடுவோம்.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது அக்குறிப்பேட்டையும், பழைய சீட்டுகளையும், வேறு எங்கேனும் வாங்கிய புட்டி இருந்தால் அதனையும் கொண்டு வாருங்கள். இயன்றால், வீட்டிலுள்ள மற்றொரு பெரியவரையும் உடன் அழைத்து வாருங்கள்.